டைப் ரூமுக்கு வந்த காற்று

பிணத்தை அறுக்க உதவுகிறவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுத்ததில் என்ன இருந்தது என்று பக்கத்து அறையில் உட்கார்ந்து டைப் அடித்தவளுக்கு நெஞ்சில் காசநோய்.

இந்தக் கணக்கு தையல்காரிக்கு ஆறு மாதமாக உதைத்துக்கொண்டே இருந்தது.

தையல்காரி என்றால் துணி தைக்கிறவள் இல்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில் உதவியாளர். டாக்டர் பரிசோதனையை முடித்துவிட்டுக் கை கழுவப் போனதும், திறந்ததை மூடித் தைத்துத் தருவது அவள் பொறுப்பு. பதினோரு வருஷமாகத் தைக்கிறாள். அவள் தைத்துத் துணி போர்த்திய பிறகு பார்க்கிற சொந்தக்காரர்களுக்கு, உள்ளே கத்தி பட்டதே தெரியாது. அப்படி ஒரு கை. பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நோய் வந்தது அவளுடைய நாத்தனாருக்கு. டேபிள் ரூமுக்கு அடுத்த சுவர் டைப் ரூம். டேபிள் ரூமில்தான் பிணத்தைத் திறப்பார்கள். டாக்டர் அங்கே நின்றபடி கண்ணில் படுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்வார். நடுச்சுவரில் ஓரடிக்கு ஓரடி ஒரு துவாரம். அதன் வழியாகக் கேட்டு நாத்தனார் டைப் அடிப்பாள். அந்தத் துவாரத்துக்குப் பிணவறைக்காரர்கள் வைத்த பேர் 'காது'. டாக்டர் மூச்சு வாங்குவதற்குள் வாக்கியத்தை முடித்துவிடுகிற வேகம் என்பதால் நாத்தனாருக்கு அவர்கள் வைத்த பேர் 'மெஷின்'. அந்த மெஷின் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட டேபிள் ரூம் வாசலைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு நாள் காது வழியாக ஒரு கட்டைவிரல் கண்ணில் பட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள்.

அவளுக்குத்தான் இருமல் வந்தது. இளைத்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், ஆறு மாத மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டில் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. மாமியார் தையல்காரியின் துணியை மட்டும் தனி வாளிக்கு மாற்றினார், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த வாளி சொல்லிவிட்டது. அதே ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் புருஷன், ஒருநாள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டுத்தானே வருகிறாய் என்று கேட்டார். பதினோரு வருஷமாக அங்கேயே குளித்துவிட்டு வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அவள் மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டாள். கண்ணாடி மாதிரி சுத்தம். தன் நெஞ்சில் இல்லாத கிருமி தன் சேலையில் மட்டும் எப்படி ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும் என்று அவளுக்குப் புரியவில்லை.

இப்போது நாத்தனாருக்குக் குணமாகிவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்கள். அதே நாற்காலி, அதே காது. எப்படி வந்தது என்றே தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தால், இன்னொரு தடவை வராது என்று யார் சொல்ல முடியும்? தையல்காரிக்கு அந்த நினைப்பு வந்தது புதன்கிழமை. கையில் இருந்தது நாலு நாள்.

அன்று மாலை நாத்தனார் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் உடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினாள். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்ததில் விரல் எல்லாம் துருப்பிடித்துவிட்டது, டாக்டரின் கரகரக் குரலைக்கூடக் கேட்கவேண்டும் போல இருக்கிறது, அந்த நாற்றம் ஒன்றுதான் வேண்டாம் என்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி, வயித்தைத் திறந்துட்டாங்கன்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு நாத்தத்துலயே தெரிஞ்சிடும். அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் 'வயிறு'ன்னு அடிச்சு வெச்சிருப்பேன். அதான் என்னோட வேகத்துக்கு ரகசியம்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை.

டேபிளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நிற்பவள் தையல்காரி. தனக்கே நாற்றம் சற்று நேரம் கழித்துத்தான் உறைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி முதலில் போகிறது? நாற்றத்துக்குக் காலா இருக்கிறது? யாரோ அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள். யார்?

இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே துணி லேசாகக் கருகிய வாசனை வந்தபோதுதான் இருவருக்கும் நினைவு திரும்பியது.

வியாழக்கிழமை காலை தையல்காரி தன் நூல்கண்டை எடுத்தாள். தைக்கிற நூல் தடிமன். ஆனால் முறுக்கைப் பிரித்துவிட்டால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய இழைகள் இருக்கும். யாராவது பெருமூச்சு விட்டாலே ஆடும். ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து இழைகளை நறுக்கி, பிளாஸ்திரியால் ஒட்டினாள். வாசல் நிலையில் ஒன்று, டேபிள் விளக்கில் ஒன்று, எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டத்தில் ஒன்று, காதின் விளிம்பில் ஒன்று.

கூட வேலை செய்கிறவனுக்கு வாய் ஓயாது, அதனால் அவன் பேர் 'ரேடியோ'. அவன் சும்மா இருப்பானா? பிணவறைக்குத் தோரணமா, மாப்பிள்ளை எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று குளிர்பெட்டி வரிசையைப் பார்த்துக் கேட்டான். வாயை மூடிக்கொண்டு ஃபேனைப் போடு என்றாள்.

சுவரில் உயரத்தில் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. இழைகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் அதன் பக்கம் சாய்ந்தன. காதில் ஒட்டிய இழையும் டைப் ரூமிலிருந்து டேபிள் ரூம் பக்கம்தான் சாய்ந்தது. அதாவது சுத்தமான காற்று அங்கிருந்து இங்கே வருகிறது. இங்கே இருக்கிற காற்று ஃபேன் வழியாக வெளியே போகிறது. எல்லாம் இருக்க வேண்டியபடியே இருக்கிறது.

நிம்மதியாக இருக்க வேண்டிய இடத்தில் தையல்காரிக்கு ஏமாற்றமாக இருந்தது. இழைகளைப் பிய்க்க மனம் வராமல் அப்படியே விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு கேஸ் வந்தது.

டாக்டர் வந்தார். கையுறை போட்டார். வழக்கம்போல முழங்கையால் ஸ்விட்சைத் தட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார். வழக்கம்போல மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வழக்கம்போல காதைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

ஃபேனை நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன்னால், அப்போது இருந்த டைப்பிஸ்ட் அந்தத் தடதடப்பில் சரியாகக் கேட்காமல், இடது கால் என்பதை வலது கால் என்று அடித்துவிட்டார். கோர்ட்டில் வக்கீல் டாக்டரை நார் நாராகக் கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அவர் பேசும்போது ஃபேன் ஓடக்கூடாது. உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி அது பழக்கமாகிவிட்டது. தையல்காரிக்கேகூட அது கண்ணில் படுவதில்லை. நேற்று அவள் சோதித்தது டாக்டர் இல்லாத அறையை.

இன்று இழை ஒட்டியிருந்ததால் கண்ணில் பட்டது. வாசல் இழை தொங்கியது. ஃபேன் சட்டத்து இழை தொங்கியது. காதில் இருந்த இழையும் துவண்டது. ஒரு கணம் நேராக நின்றது. பிறகு மெதுவாக, யாரோ அந்தப் பக்கமிருந்து நுனியைப் பிடித்து இழுக்கிறாற்போல், டைப் ரூமுக்குள் சாய்ந்தது. டேபிள் விளக்கில் இருந்ததும் அதே திசையில் தலையை நீட்டியது.

இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்க, தையல்காரி கண்ணை மட்டும் காதின் மேல் வைத்திருந்தாள். இந்தப் பக்க ஃபேன் நின்றுவிட்டது, சரி. அந்தப் பக்கம் இழுப்பது எது?

தைத்து முடித்து, கை கழுவி, டைப் ரூமுக்குப் போனாள். நாத்தனாருக்குப் பதிலாக வந்திருந்த கிளார்க் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, ஜன்னலுக்கு மேல், ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல உழைப்பாளி ஃபேன். சமையல்கூடங்களில் புகையை இழுக்கப் போடுவார்களே, அந்த ரகம்.

அது எப்போது வந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நாற்றம் தாங்கவில்லை என்று தங்கை அழுதாள். தங்கையின் கண்ணீரைப் பார்த்த அண்ணன் தன் கைப்பணத்தில் இருப்பதிலேயே நல்ல ஃபேனாக வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிக் கொடுத்தார். கீழே நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தது தையல்காரி.

மதியம் ரேடியோவை ஒரு ஸ்விட்சிடமும் கிளார்க்கை இன்னொரு ஸ்விட்சிடமும் நிறுத்தி, நாலு விதமாகவும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் ஓடினால் பெரிய ஃபேன் ஜெயிக்கிறது. இரண்டும் நின்றால் இழை செத்துத் தொங்குகிறது. பெரியது மட்டும் ஓடினால் நல்லது. பெரியது நின்று சின்னது மட்டும் ஓடினால், டேபிள் மேல் இருக்கிற காற்று டாக்டர் முகத்தைத் தொட்டு, காதுக்குள் நுழைந்து, டைப் அடிப்பவர் மூக்கைத் தடவிவிட்டுத்தான் வெளியே போகிறது. டாக்டர் பேசுகிற நேரம் எல்லாம் இந்த நாலாவது விதம்தான். ரம்பம் ஓடுகிற நேரம், நுரையீரலை வெளியே எடுக்கிற நேரம், எல்லாம் அதற்குள் வந்துவிடும். நுரையீரல் முழுக்கக் காசநோயோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது அவளுக்கே நினைவிருந்தது. தனக்கும் ரேடியோவுக்கும் மூக்கை இறுக்கிப் பிடிக்கிற நல்ல மாஸ்க் உண்டு. 'பிணத்தைக் கையாளும் ஊழியர்கள்' என்று தலைப்புப் போட்ட பட்டியலில் டைப்பிஸ்ட் பேர் இல்லாததால் மெஷினுக்கு மாஸ்க் கிடையாது.

ஆறு மாதத்துக் கணக்கு ஒரு நூலிழையில் தீர்ந்துவிட்டது. ஆனால் விடையை யாரிடம் போய்ச் சொல்வது?

சனிக்கிழமை முதலில் டாக்டரிடம் போனாள். அவர் அவளுடைய இழைகளை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அரை மணி நேரம்தானே நிறுத்துகிறேன் என்றார். எல்லாம் திறந்து கிடக்கிறது அந்த அரை மணி நேரம்தான் என்றாள். உங்களுக்கெல்லாம் மாஸ்க் கொடுத்திருக்கிறதே என்றார்.

"எங்களுக்கு இருக்கு சார். நீங்க பேசுறதுக்காக உங்களோடதைக் கழட்டிடுறீங்க. நீங்க கடைசியா எக்ஸ்ரே எடுத்தது எப்போ?"

 டாக்டரின் கை தாடைக்குக் கீழே போய், அங்கே இல்லாத மாஸ்க்கைத் தேடிவிட்டுத் திரும்பியது. 

"சத்தத்துக்கு ஒரு வழி பண்ணு," என்றார் கடைசியில். "அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது சரியாக் கேட்கணும். அதுக்கு வழி பண்ணிட்டேன்னா, அந்த ஸ்விட்சை நான் தொட மாட்டேன்."

சத்தத்துக்கு வழி பண்ணக்கூடிய ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான். அந்த ஒருவர் அவள் புருஷன்.

அன்று முழுக்க அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். டீ கொடுத்தாள், சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாள்; சொல்லவில்லை. கேட்காமலே இரண்டாவது டீ வந்தபோது, என்ன சமாசாரம் என்று அவரே கேட்டார். டைப் ரூம் ஃபேனைத் திருப்பி மாட்டவேண்டும், டாக்டருக்கு ஒரு மைக் வைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஓடுகிற ஃபேனை எதற்குத் திருப்புவார்கள் என்றார். நாளைக்கு வந்து நீங்களே பாருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது, என் மேஜையை நான் துடைக்க வேண்டாமா என்று நாத்தனாரும் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தையல்காரிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

டேபிள் ரூம் காலி. பெரிய ஃபேனை நிறுத்திவிட்டு, சின்னதைப் போட்டுவிட்டு, அவர் கையில் ஓர் இழையைக் கொடுத்துக் காதுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். இழை துவாரத்துக்குள் நுழைந்து தங்கையின் நாற்காலியைக் காட்டியது. அவர் இழையைப் பார்த்தார், டேபிளைப் பார்த்தார், நின்றுபோன பெரிய ஃபேனைப் பார்த்தார். கம்பியில் கரண்ட் எப்படிப் போகும் என்று இருபது வருஷம் பார்த்தவர். காற்று எப்படிப் போகும் என்று அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நேரே டைப் ரூமுக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். எடுத்தவர் அப்படியே ஃபேன் சட்டத்தில் கையை ஊன்றி, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"நான்தானே மாட்டினேன்."

"ஸ்க்ரூ நான் குடுத்தேன்," என்றாள் தையல்காரி.

அவர் இறங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கையிடம் போனார்.

"நீ நாளைக்கு வர வேண்டாம். நாளைக்கு மட்டுமில்ல, இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம். வீட்ல இரு, நான் பாத்துக்கிறேன்."

நாத்தனாருக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். தையல்காரி சுருக்கமாகச் சொன்னாள். சின்ன ஃபேன், பெரிய ஃபேன், காது. அவள் சொல்லி முடிக்கும்வரை நாத்தனார் கையில் இருந்த துணி ஒரே எழுத்தின் மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு துணியை மடித்து வைத்தாள்.

"அண்ணா, நோய் வந்தது எனக்கு. ஆறு மாசம் மாத்திரை முழுங்கி, கண்ட நேரத்துல வாந்தி எடுத்ததும் நான். அப்பல்லாம் என்னைக்குடா அந்த நாற்காலியில போய் உக்காருவோம்னுதான் நாளை எண்ணிட்டிருந்தேன். உனக்கு மனசு ஆறணும்னா ஃபேனைத் திருப்பு. என்னை வீட்ல உக்கார வெச்சு ஆத்திக்காத."

அவர் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். தையல்காரி இந்த விஷயத்தில் அண்ணன் தங்கைக்கு நடுவில் தலையை நீட்டுவதாக இல்லை. ஸ்டூல் கால் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காகக் குனிந்துவிட்டாள்.

அவர் மறுபடி ஏறினார்.

அதன் பிறகு அந்த மனிதரை நிறுத்த முடியவில்லை. ஃபேனைக் கழற்றித் திருப்பி, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி மாட்டினார். மாட்டிவிட்டுக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். பெரிய ஃபேன் துப்புகிற காற்றையே இது திரும்ப உறிஞ்சினால் என்ன செய்வது என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய ஃபேன் எதிர்ச்சுவரில், உயரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருந்தது. நிம்மதியாகத் திரும்பியவர், பெரிய ஃபேன் வாயில் திறந்து மூடுகிற தகடுகள் அழுக்கு ஏறிப் பாதிதான் திறக்கின்றன என்று கண்டுபிடித்து, மூக்கு வாயெல்லாம் இறுக்கக் கட்டிக்கொண்டு அதையும் சுரண்டினார். மருத்துவ மாணவர்களின் வகுப்பறையில் சும்மா கிடந்த சட்டைக் காலர் மைக்கையும் தலையில் மாட்டுகிற ஹெட்போனையும் கேட்டு வாங்கி வந்து வயர் இழுத்துக் கொடுத்தார். காதுக்குக் கண்ணாடி போட்டார்; அடியில் இரண்டு விரல்கடை மட்டும் இடைவெளி விட்டார், டைப் ரூம் காற்று டேபிள் ரூமுக்குள் போகவேண்டுமே. கடைசியாக, இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச் வைத்தார். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட விடுகிற வேலையே இனி நடக்காது.

ஒவ்வொரு தடவையும் தையல்காரி இழையைப் பிடித்துக் காட்டினாள். கடைசித் தடவை நாத்தனார் இழையைப் பிடுங்கிக்கொண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தன் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கு நேராகப் பிடித்தாள். இழை அவளை விட்டு விலகி, சுவர்ப் பக்கம் போயிற்று. 

அம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்பது தையல்காரிக்குத் தெரியாது. அன்று மாலை அந்தத் தனி வாளியில் மகனுடைய சட்டையும் சேர்ந்து ஊறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே கேஸ். டாக்டர் மாஸ்க்கை மூக்குவரை ஏற்றிவிட்டு, காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு, ஏதோ மேடைக்குப் போகிறவர் மாதிரித் தொண்டையைச் செருமினார். பழக்கதோஷத்தில் முழங்கை ஸ்விட்ச் பக்கம் போயிற்று. தையல்காரி அந்த முழங்கையையே பார்த்தாள். அது பாதி வழியில் நின்று, சும்மா மடங்கத்தான் வந்தேன் என்பது போல் மடங்கிக்கொண்டது. பெரிய ஃபேன் தடதடத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூக்கில் புத்தம்புது மாஸ்க்கும் தலையில் ஹெட்போனுமாக மெஷின் ஓடியது. முதல் வாக்கியத்தை மட்டும் டாக்டர் திருப்பிப் படிக்கச் சொன்னார். எழுத்துப் பிசகாமல் படித்தாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

பாதிக் கேஸில் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டுகிற சத்தம். டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரேடியோ பார்த்தான். மேஜையில் இருந்த காகிதங்களை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள். ஒரு தாள் அவளிடமிருந்து தப்பித்துப் போய்க் கண்ணாடிக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஒட்டிக்கொண்டு படபடத்தது.

"அண்ணி, இந்த ஃபேன் காத்துல பேப்பரெல்லாம் பறக்குது. எப்படி வேலை செய்யிறது?"

தையல்காரி கையிலிருந்த வேலையை விடாமல் கேட்டாள்.

"எந்தப் பக்கம் பறக்குது?"

"உங்க பக்கம்தான்."

"அப்ப பறக்கட்டும்."